தவிட்டுக்குப் போன பிள்ளைக்கு நாள் நகராது

போன தீபாவளிக்கு முறுக்குப் பிழிவதற்காக வாங்கிய மாவுப் பொட்டலம் பிரிக்காமலே அலமாரியில் கிடக்கிறது. அதற்குள் மருமகள் அடுத்த தீபாவளிக்குச் சாமான் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இப்போதுதானே ஒன்று போனது என்று கேட்டால் சிரிக்கிறாள். காலையில் பல் துலக்கிவிட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரமாகிவிடுகிறது. நடுவில் இருந்த பொழுதை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று தெரியவில்லை. தொண்ணூறை எட்டிப் பார்க்கிற வயதில் இப்படிப் புலம்பினால், கிழவிக்கு வேறு வேலை இல்லை என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும்.

என் மகன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அவனிடம் எதற்கும் ஒரு கணக்கு இருக்கும். ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தான்.

“ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு வருசம்னா அது பொறந்ததுலேருந்து பாத்ததுல பாதிம்மா. ஒங்களுக்கு ஒரு வருசம்னா ஒரு மூடித் தேங்காயில ஒரு துருவல். அதான் ஓடுற மாதிரி இருக்கு.”

மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. “அது இல்லலா. தெனமும் அதே கஞ்சி, அதே நாற்காலி, அதே டிவின்னா நாளு எங்க நிக்கும்? புதுசா நாலு எடத்தப் பாத்தா நாளு தானா நீளும். வாங்க அத்த, லங்காவித் தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

இரண்டு பேரும் படித்தவர்கள். நான் ஜப்பான்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் சூரியன் இருக்கிற பக்கம் திரும்பிக் குனிந்ததோடு சரி. இருந்தாலும் அவர்கள் சொல்வது தப்பு என்று எனக்குத் தெரியும். என் ஆயுளிலேயே நீளமான நாட்களில் புதிதாக ஒன்றுமே நடக்கவில்லை. அதே கஞ்சியைத்தான் குடித்தேன், அதே வாசலைத்தான் பார்த்தேன். சின்ன வயது என்பதாலும் இல்லை. அந்தத் தெருவில் என் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டதே என்று அழுதுகொண்டு விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போவார்கள். எனக்கு மட்டும்தான் பொழுது சாயவே இல்லை.

நாங்கள் இருந்தது மலாயாவில், சுங்கைப் பட்டாணிக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு பால் வாங்க ஆளில்லை. வெட்டு நின்றுபோய், நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி இருந்த இடமெல்லாம் மரவள்ளிக் கிழங்கு நட்டார்கள். காலையில் கிழங்கு, மாலையில் கிழங்கு, நடுவில் கிழங்கை நினைத்துக்கொண்டு தண்ணீர். எனக்குப் பின்னால் பிறந்த தம்பியும் தங்கையும் அடுத்தடுத்துக் குளிர்காய்ச்சலில் போனார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொய்னா மாத்திரை தீர்ந்து வெகு நாளாகியிருந்தது. மூன்றாவதாக அந்தக் காய்ச்சல் எனக்கு வந்தது. அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். வீட்டில் மிச்சம் இருந்தது நானும் கைக்குழந்தையாக ஒரு தம்பியும்தான்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி வந்து என்னைப் பார்த்தார். எமன் இந்த வீட்டு வாசலைப் பழகிவிட்டான், பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது. பிள்ளைகள் தங்காத வீட்டில் மிஞ்சியிருக்கிற பிள்ளையை ஒரு படி தவிட்டுக்கு வேறொருவருக்கு விற்றுவிடுவார்கள். எமன் வந்து பார்ப்பான். இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, அதுவும் மாட்டுக்குப் போடுகிற தவிட்டுக்கு விலைபோன பிள்ளை, இதை யார் தூக்குவது என்று போய்விடுவான். பிறகு கொஞ்ச நாள் கழித்து அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பெற்றவர்கள் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள். அதுவரை பிள்ளை பெற்றவளை அம்மா என்று கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் எமனுக்குக் காது கேட்டுவிடும். சடங்கு அவ்வளவுதான். பல வீடுகளில் காலையில் விற்று மாலையில் வாங்கிவிடுவார்கள்.

என்னை வாங்க வந்தது அப்பாவின் அக்கா. என் அத்தை. சுங்கைப் பட்டாணியில் ஒரு சீனன் வைத்திருந்த அரிசி ஆலையில் அத்தையின் கணவருக்கு வேலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆலையில் வேலை என்பதால் அவர்கள் வீட்டில் மட்டும் தவிடும் குருணையும் இருந்தன. அத்தை மாட்டு வண்டியில் வந்து இறங்கினாள். ஒரு முறத்தில் தவிடு கொண்டுவந்தாள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நான் கோயில் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். பூசாரி மூன்று தரம் “இது யார் பிள்ளை?” என்று கேட்டார். அத்தை மூன்று தரமும் “எம் பிள்ளை” என்று கத்திச் சொன்னாள். அவளுக்குக் கரகரத்த தொண்டை, கோயிலே அதிர்ந்தது. அம்மா முந்தானையை விரித்தாள். அத்தை அதில் தவிட்டைக் கொட்டினாள். கீழே சிந்திய தவிட்டை அம்மா மண்ணோடு சேர்த்து அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். மாட்டுத் தீனியை எதற்கு இவ்வளவு பத்திரமாக அள்ளுகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தோட்டத்தில் அப்போது எல்லோருமே தவிட்டுக் கஞ்சிக்கு அலைந்துகொண்டிருந்தோம்.

வண்டியில் தவிட்டு முறம் மட்டும் வரவில்லை. ஒரு சாக்கு மூட்டையும் வந்தது. அப்பா அதைத் தோளில் தூக்கி லயத்துக்குள் வைத்துவிட்டு வந்தார். சடங்குச் சாப்பாட்டுக்கு அத்தை ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

என்னை வண்டியில் ஏற்றிப் படுக்க வைத்துவிட்டு அப்பா குனிந்து சொன்னார். “இந்தக் கெழங்கு வெளையிற வரைக்குந்தான் கண்ணு. கெழங்கப் புடுங்குனதும் தவிட்டக் குடுத்துட்டு ஒன்னயக் கூட்டியாந்துருவேன்.”

சரி என்றேன். வேறென்ன சொல்வேன்.

அத்தை வீட்டில் எனக்குக் காய்ச்சல் நின்றது. சடங்கு பலித்துவிட்டது என்று எல்லோருக்கும் ஒரே பெருமை. குருணைக் கஞ்சி மூன்று வேளையும் வயிற்றுக்குள் போனது என்பதை யாரும் பேசவில்லை. அத்தை வாய்தான் பொல்லாதது, கை தங்கம். எனக்குத் தலை சீவி, பேன் பார்த்து, தன் பழைய சேலையைக் கிழித்துப் பாவாடை தைத்துக் கொடுத்தாள். சடங்கின்படி அவளை அம்மா என்று கூப்பிட்டேன். கூப்பிடும்போதெல்லாம் அவள் முகம் மலர்ந்து போகும். எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். இது கொஞ்ச நாளைக்கு என்று இவளுக்கு மறந்துவிட்டதே என்று நினைத்துக்கொள்வேன்.

வந்த மறுவாரமே வீட்டுக்குப் பின்னால் ஒரு மரவள்ளிக் குச்சியை ஊன்றினேன். தோட்டத்துக் கிழங்கு எப்படி இருக்கிறது என்று இங்கிருந்து பார்க்க முடியாது. இதைப் பார்த்தால் அது தெரியும். அப்படியொரு புத்தி எனக்கு. துளிர் விட்டதா என்று காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பேன். கஞ்சி குடித்துவிட்டு ஒரு தரம் பார்ப்பேன். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றும் சாக்கில் ஒரு தரம். செடி நான் பார்க்கிறபோது மட்டும் வளராமல் நின்றுவிடுகிறது என்று எனக்கு அதன்மேல் கோபம்கூட வந்தது.

சுவர்க் கடிகாரம் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. ஜப்பான்காரன் ஊரில் உள்ள கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பச் சொல்லிவிட்டான். ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். பொழுது விடிவதற்குள் கடிகாரத்தில் எட்டு அடித்துவிடும். அத்தையின் கணவர் இருட்டிலேயே எழுந்து அவனைத் திட்டிக்கொண்டு ஆலைக்குப் போவார். உலகத்தையே ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளியவனால் என் நாளில் ஒரு நிமிடத்தைக் கழித்துக் கொடுக்க முடியவில்லை.

அப்பாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. ரப்பர் விளைகிற ஊரில் டயர் கிடைக்காத காலம் அது. சக்கரத்தில் டயருக்குப் பதிலாகக் கயிறு சுற்றி ஓட்டினார்கள். கல் ரோட்டில் வரும்போது கடகடவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் என் காது நாள் முழுவதும் தெருவில் கிடந்தது. சந்தைக்குப் போகிற மலாய்க்காரர், பன்றிக்குக் கஞ்சித் தண்ணீர் வாங்க வருகிற சீனக் கிழவர், எல்லோருமே கயிறு சுற்றிய சைக்கிள்தான் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து ஓடுவேன். ஒவ்வொரு தரமும் திரும்பி வந்து உட்காருவேன். அப்படி ஓடியும் உட்கார்ந்தும் ஒரு காலைப் பொழுதைக் கழித்துவிட்டு அண்ணாந்து பார்த்தால், சூரியன் எதிர்வீட்டுத் தென்னையைக்கூடத் தாண்டியிருக்காது.

அப்பா வந்தார். வராமல் இல்லை. மாதத்தில் ஒரு நாள் வருவார். சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிறான் என்று அப்போது எல்லாத் தோட்டங்களிலும் பயம். ஆம்பிளைகள் நடமாடவே அஞ்சினார்கள். அப்படியும் வந்தார். என்னைப் பார்க்கத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார் என்று எனக்கு ஒரே பூரிப்பு. முறைப்படி அவரை மாமா என்று கூப்பிட வேண்டும். அத்தையின் பிள்ளைக்கு அத்தையின் தம்பி மாமாதானே.

“எப்ப மாமா?”

“கெழங்கு வெளையட்டும்.”

அவ்வளவுதான் பேச்சு. அத்தை கொடுத்த வரக்காப்பியைக் குடித்துவிட்டு உள்ளே போவார். வரும்போது காலியாக மடித்துக் கட்டியிருந்த சாக்கு, போகும்போது சைக்கிளின் பின்னால் உப்பி உட்கார்ந்திருக்கும். அது எனக்குத் தெரியும். கண்ணில் படுவதில் எல்லாம் அர்த்தம் தேடுகிற வயதில்லை எனக்கு. அக்கா வீட்டுக்கு வந்த தம்பிக்கு அக்கா ஏதோ கொடுக்கிறாள் என்று நினைத்தேன்.

அம்மா ஒரே ஒரு தரம் வந்தாள். வெறும் கிழங்காகத் தின்று தின்று கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. தவிட்டுக் கஞ்சி குடித்தால் வீக்கம் வடியும் என்று சொல்லி அத்தை ஒரு சொம்பு நிறையக் கொடுத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவைப் பார்த்தேன். ஓடிப்போய் மடியில் விழுந்திருப்பேன். எமன் கேட்டுக்கொண்டிருப்பானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னைக் கண்டாள். “என்னா மருமவளே, நல்லா இருக்கியா?” என்றாள். தம்பியின் மனைவி பேச வேண்டிய முறைப்படி, பிசகாமல் பேசினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எமனை ஏமாற்ற அம்மா எவ்வளவு சாமர்த்தியமாக நடிக்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

கிழங்கு விளைந்தது. என் செடியின் அடித்தண்டு கட்டை விரலைவிடப் பருத்து, இலை உதிர ஆரம்பித்தது. பிடுங்கிப் பார்த்தேன். என் முழங்கை நீளத்துக்கு நாலு கிழங்கு. அத்தையிடம் கொடுத்து அவிக்கச் சொல்லிவிட்டு என் பாவாடைகளை மடித்து மூட்டை கட்டினேன். அடுத்த தரம் அப்பா வந்தபோது அவிந்த கிழங்கு இரண்டை அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன். அவர் கிழங்கை வாங்கித் தின்றார். நன்றாக மாவுபோல அவிந்திருக்கிறது என்றார். பிறகு, தோட்டத்தில் இந்தத் தரம் பன்றி புகுந்துவிட்டது, அடுத்த கிழங்குக்குப் பார்க்கலாம் என்றார். சாக்கை நிரப்பிக்கொண்டு போனார்.

அன்று முழுவதும் யோசித்தேன். அப்பாவுக்குத் தவிடு கிடைக்கவில்லை, அதுதான் காரணம் என்று கண்டுபிடித்தேன். தோட்டத்தில் தவிடு எங்கே இருக்கிறது? கொடுத்த தவிட்டைத் தின்றிருப்பார்கள். திருப்பிக் கொடுக்கக் கையில் இல்லாமல் அக்காவிடம் சொல்ல வெட்கப்படுகிறார். பாவம் அப்பா என்று எனக்கு அழுகை வந்தது. அவரிடம் இல்லாவிட்டால் என்ன, நான் சேர்த்துக் கொடுக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

அத்தை நாலைந்து கோழி வளர்த்தாள். கோழிக்குத் தவிடு பிசைந்து வைப்பது என் வேலை. காலையில் அத்தை அள்ளித் தருகிற தவிட்டில் ஒரு பிடியைப் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டுவிட்டு மிச்சத்தைக் கோழிக்கு வைப்பேன். டின்னை விறகுக் கட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். தவிடு சீக்கிரம் சிக்கடித்துவிடும், வண்டு விழும். அத்தை பாசாருக்குச் சாமான் வாங்கப் போகும்போது வெயிலில் பரப்பிக் காயவைத்து, வண்டைப் பொறுக்கித் திரும்ப அள்ளி வைப்பேன். கோழிகள் இளைத்துப்போய் முட்டையை நிறுத்திக்கொண்டன. “ஜப்பான்காரன் வந்தாலும் வந்தான், கோழிக்குக்கூட வயித்துல ஈரமில்ல” என்று அத்தை அவனைத் திட்டினாள். செய்யாத பாவத்துக்கும் அவன் திட்டு வாங்கினான்.

அந்த டின் நிறைய எடுத்துக்கொண்ட காலம்தான் என் ஆயுளிலேயே நீளமானது. அதற்குப் பிறகு நான் வாழ்ந்த அத்தனையையும் ஒரு பக்கம் வைத்து, டின் நிறைய நான் காத்திருந்ததை மறுபக்கம் வைத்தால் டின் இருக்கிற பக்கம்தான் தாழும். ஒவ்வொரு நாளும் கையை உள்ளே விட்டு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். விரல் நகத்தளவுகூட ஏறியிருக்காது. வெயிலில் காய்ந்த பிறகு இறங்கியும் இருக்கும்.

ஒரு வழியாக விளிம்பு வரை வந்தது. அடுத்து அப்பாவின் சைக்கிள் கடகடத்தபோது நான் தெருமுனைக்கே ஓடிவிட்டேன். கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். விறகை விலக்கி டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன்.

“இது யாரு குடுத்தா?” என்றார்.

“நானே சேத்தேன் மாமா. நல்ல தவிடு, வண்டு இல்ல. இதக் குடுத்துட்டு என்னயக் கூட்டிட்டுப் போங்க.”

அவர் டின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

“போ கண்ணு. போயி ஒன் துணிய எடுத்துக்கிட்டு வா.”

நான் பறந்தேன். மூட்டை எப்போதும் கட்டியபடிதான் இருந்தது, பாயின் கீழே. அத்தை அடுப்படியில் இருந்தாள். அவளிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன், வாய் வரவில்லை. மூட்டையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலில் கடகடவென்று சத்தம் கேட்டது. சைக்கிளைத் திருப்பி நிறுத்துகிறார் என்று நினைத்தேன். சத்தம் நிற்கவில்லை.

வெளியே ஓடிவந்து பார்த்தபோது அப்பா தெருவின் பாதியில் போய்க்கொண்டிருந்தார். சைக்கிளின் பின்னால் பிஸ்கட் டின் கட்டியிருந்தது. நான் ஓடினேன். அதுவரை எமனுக்குப் பயந்து தொண்டைக்குள்ளேயே வைத்திருந்ததைக் கத்தினேன். “அப்பா! அப்பா!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவருக்குக் கேட்டது. முதுகு ஒரு தரம் குலுங்கியதைப் பார்த்தேன். அப்புறம் எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தார்.

தெருவில் உட்கார்ந்திருந்த என்னை அத்தை வந்து தூக்கினாள். விறகுக்குப் பின்னால் சிந்தியிருந்த தவிட்டைப் பார்த்து அவளாகவே எல்லாம் புரிந்துகொண்டாள். கோழிப் பேச்சை எடுக்கவில்லை. என் முகத்தைக் கழுவிவிட்டுத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டு, அந்தக் கரகரத்த தொண்டையை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

“நான் ஒரு நாளும் தவிட்டத் திருப்பிக் கேக்கலடி. ஒங்கப்பன் கேட்டிருந்தா எங்க வீட்டுத் தவிட்டயே குடுத்திருப்பேனே. அவன் அன்னைக்குக் கோயில்லயே சொல்லிட்டான், நீயே வெச்சுக்கன்னு. சாக்கு நெறைய அரிசி கேட்டான். மாசாமாசம் குருண கேட்டான். குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“அவளுக்குத் தெரியாம எப்படிடி?”

அப்படியானால் பூசாரிக்கும் தெரியும். அத்தையின் கணவருக்கும் தெரியும். வண்டி ஓட்டி வந்தவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். என்னையும் எமனையும் தவிர எல்லோருக்கும் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்று என் அம்மாவின் நடிப்பை மெச்சிச் சிரித்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. பசியால் விற்றார்கள் என்று இப்போது எனக்குத் தெரியாமல் இல்லை. விற்றதால் கைக்குழந்தை பிழைத்தது, அம்மாவின் கால் வீக்கம் வடிந்தது, நானும் பிழைத்தேன். எல்லாம் சரிதான். விற்றதற்காக நான் கோபப்படவில்லை. வருவேன் என்று சொன்னதற்காகத்தான் கோபப்படுகிறேன். வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் மற்றப் பிள்ளைகளைப் போல அந்தத் தெருவில் விளையாடியிருப்பேன். தவிட்டை எடுத்துக்கொண்டு போனதையும் என்னால் மன்னிக்க முடியும். துணியை எடுத்துவரச் சொன்னாரே, அதை முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஒரு வேடிக்கை நடந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தேன். அத்தை சாப்பிடக் கூப்பிட்டாள். அதற்குள் இருட்டிவிட்டதா என்று நிமிர்ந்து பார்த்தேன். தெருவில் எத்தனை சைக்கிள் போனதோ, ஒன்றும் என் காதில் விழவில்லை.

அன்றைக்கு ஓட ஆரம்பித்த பொழுதுதான், இன்னும் நிற்கவில்லை. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், அவனும் போனான். எனக்குக் கல்யாணம் ஆனது. தஞ்சோங் டாவாயில் ஐஸ் கட்டி வியாபாரம் செய்தவர், நல்ல மனிதர். பிள்ளைகள் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், மீசை முளைத்து நின்றார்கள். என் கணவர் போனார். அத்தையை நான்தான் கடைசி வரை வைத்துப் பார்த்தேன், அம்மா என்று கூப்பிட்டேன், அது நடிப்பில்லை. இது அத்தனையும் ஒரு மூச்சில் நடந்ததுபோல இருக்கிறது. கல்யாணத்துக்கு முதல் நாள்கூட எனக்கு நீளவில்லை. மாப்பிள்ளை வராவிட்டால் வராமல் போகட்டும் என்றுதான் இருந்தேன். யார் வருகிறேன் என்று சொன்னாலும் சரி என்பேன், அதோடு மறந்துவிடுவேன். என் பிள்ளைகளுக்கே இதில் என்மேல் வருத்தம் உண்டு. வெளியூரிலிருந்து வந்து இறங்கினால் நீயா என்று கேட்கிறேனாம், வாசலில் நின்றதில்லையாம்.

என் மகனிடம் நான் சொல்ல நினைத்தது இதுதான், சொல்லவில்லை. வயதாக ஆக யாரும் நமக்கு வருவதாகச் சொல்வதில்லை. சொன்னாலும் நாம் நம்புவதில்லை. நாள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? லங்காவிக்குப் போனாலும் ஓடத்தான் ஓடும்.

இதற்கு எனக்கு ஒரு சாட்சி உண்டு. எனக்கு ஐம்பது வயதிருக்கும்போது என் தம்பி, அந்தக் கைக்குழந்தை, ஒரு நாள் காரில் வந்து இறங்கினான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு என்ன தெரியும். நல்லது கெட்டதுக்கு வந்து போவான். அப்பாவை நான் அதற்கிடையில் கல்யாணம், கருமாதி என்று கூட்டத்தில் பார்த்ததுதான். இருவருமே பக்கத்தில் போனதில்லை.

“அப்பாவுக்கு ரொம்ப முடியலக்கா. ஒங்களப் பாக்கணுங்கிறாரு. ஏதோ சொல்லணுமாம். கெளம்புங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.”

“நீ முன்னாடி போ தம்பி” என்றேன். “நான் வந்துருவேன்னு சொல்லு.”

அவன் போனான். நான் போகவில்லை. மறுபடி ஆள் வந்தது. துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன், கிளம்பிக்கொண்டே இருக்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். அதையும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பாவின் காரியம் எல்லாம் முடிந்த பிறகு தம்பி வந்தான். கோபமாகத்தான் வந்தான். சாப்பாடு போட்டேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

“கண்ண வாசல்லயே வெச்சிருந்தாருக்கா. வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், தலையத் தூக்குவாரு. இன்னும் விடியலயா, இன்னும் இருட்டலயான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு. நாளு நகரவே மாட்டேங்குதுடான்னு அழுதாரு.”

எழுபதைத் தாண்டிய கிழவர். என் மகனின் கணக்குப்படி அவருக்கு நாள் பறந்திருக்க வேண்டும்.

“எத்தன நாளு அப்படிக் கெடந்தாரு?” என்று கேட்டேன்.

“ஒரு வாரம் இருக்கும்க்கா.”

ஒரு வாரம்தானா என்று எனக்கு இருந்தது.